முறுக்கிய சணல்: ஜகதீச சந்திர போஸும் மீப்பொருளின் முன்வரலாறும்

1. கேள்வி

மெட்டாமெட்டீரியல் என்று உலகெங்கும் வழங்கும் சொல்லைத் தமிழில் மீப்பொருள் என்று எழுதலாம். இத்துறையைப் பற்றிய அறிமுகக் கட்டுரைகள் பலவற்றில் முதல் சில பத்திகளுக்குள்ளேயே ஒரு சணல் கற்றை வந்துவிடும். 1898-இல் ஜகதீச சந்திர போஸ் சணலை முறுக்கி, அதன் வழியே மின்காந்த அலைகளைச் செலுத்தி, அலையின் அதிர்வுத் தளம் சுழல்வதைக் காட்டினார் என்பார்கள். அடுத்த வாக்கியத்தில் நூறாண்டு தாண்டி 1990-களின் இறுதிக்குப் போய்விடுவார்கள். போஸுக்கு ஒரு வணக்கம் சொல்லியாயிற்று, இனி உண்மையான கதைக்கு வருவோம் என்கிற தொனி அதில் இருக்கும்.

இந்தியாவில் எழுதப்படும் கட்டுரைகளில் தொனி வேறு. போஸே முதல் மீப்பொருளைச் செய்தவர், உலகம் அதை மறந்துவிட்டது என்று முடிந்த முடிவாகச் சொல்லிவிடுகிறோம். வானொலி விஷயத்தில் மார்க்கோனியோடு போஸை வைத்து நாம் நடத்தும் வழக்கின் தொடர்ச்சி இது.

இந்த இரண்டு வகை எழுத்திலும் போஸ் செய்த சோதனையை நான் பார்க்க முடியவில்லை. சணல் கற்றை எவ்வளவு பெரியது? அலை எவ்வளவு நீளமானது? அவர் எதைத் தேடினார்? இவற்றைக் கேட்காமல் முதன்மையைக் கொடுப்பதும் மறுப்பதும் ஒன்றுதான். போஸின் முறுக்கிய சணலை எந்தப் பொருளில் மீப்பொருள் என்று சொல்ல முடியும் என்ற ஒரே கேள்வியை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

2. சொல்லின் எல்லை

கண்ணாடி ஒளியை வளைப்பதற்கு அதன் அணுக்களும் அவை கட்டுண்டிருக்கும் விதமும் காரணம். ஒளியின் அலைநீளம் அணுவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரியது. அதனால் ஒளி ஒவ்வோர் அணுவையும் தனித்தனியே உணர்வதில்லை. எல்லாம் சேர்ந்த ஒரே சீரான ஊடகமாகக் கண்ணாடியை எடுத்துக்கொள்கிறது. அந்த ஊடகத்தை மின் விடுதிறன், காந்த உட்புகுதிறன் என்ற இரண்டு எண்களால் விவரித்துவிடலாம்.

அணுக்களுக்குப் பதிலாக நாமே செய்த சின்னஞ்சிறு கம்பிகளையும் வளையங்களையும் அடுக்கினால் என்ன? அவை அலைநீளத்தைவிடப் போதுமான அளவு சிறியவையாக இருந்தால், வருகிற அலை அவற்றையும் தனித்தனியே உணராது. அந்த அடுக்கையே ஒரு பொருளாக ஏற்றுக்கொள்ளும். அதன் எண்களை நாம் நினைத்தபடி வடிவமைக்கலாம். இயற்கையில் கிடைக்காத எண்களையும் பெறலாம். இதுவே மீப்பொருள். இதற்கு இன்றைய பெயரைச் சூட்டியவர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ராஜர் வால்சர், ஆண்டு 1999.

‘அலையைவிடச் சிறியது’ என்ற நிபந்தனையை விட்டுவிட்டால் ஒழுங்காக அடுக்கப்பட்ட எதையும் மீப்பொருள் என்று சொல்லிவிடலாம். அது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒலியியலிலிருந்து இரண்டு எடுத்துக்காட்டுகள். மாட்ரிட் நகரில் யூசேபியோ செம்பேரே வடித்த ஒரு சிற்பம் இருக்கிறது. 2.9 செ.மீ. விட்டமுள்ள எஃகுக் குழாய்கள், 10 செ.மீ. இடைவெளியில், செங்குத்தாக நிற்கின்றன. 1995-இல் ஸ்பானிய ஆய்வாளர்கள் இதன் ஊடாக ஒலியைச் செலுத்தி அளந்து நேச்சர் இதழில் எழுதினார்கள். 1,670 ஹெர்ட்ஸ் ஒலி சிற்பத்தைக் கடக்கும்போது வெகுவாகத் தேய்ந்திருந்தது. இந்த ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 20 செ.மீ., குழாய் இடைவெளியைப் போல் இரண்டு மடங்கு. வரிசை வரிசையாகத் திரும்பிவரும் எதிரொலிகள் ஒன்றோடொன்று கூடி அலையைத் தடுக்கின்றன. படிகங்களில் எக்ஸ் கதிர் சிதறுவதும் இதே விதிப்படிதான். இங்கே அலை ஒவ்வொரு குழாயையும் தெரிந்தே கடக்கிறது.

2000-ஆம் ஆண்டில் ஹாங்காங்கில் பிங் ஷெங் குழுவினர் செய்தது வேறு வகை. 1 செ.மீ. விட்டமுள்ள ஈயக் குண்டுகளுக்கு மெத்தென்ற சிலிக்கோன் ரப்பர் உறை போட்டு, 1.55 செ.மீ. இடைவெளியில் எபாக்சிப் பிசினுக்குள் பதித்தார்கள். அது சுமார் 400 ஹெர்ட்ஸ் ஒலியைத் தடுத்தது. காற்றில் அந்த ஒலியின் அலைநீளம் 85 செ.மீ.க்கும் மேல்; இடைவெளியைப் போல் ஐம்பது மடங்குக்கும் அதிகம். எதிரொலிக் கூட்டலால் இதை விளக்க முடியாது. ரப்பருக்குள் ஈயக் குண்டு ஊஞ்சலாடுகிறது. குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அந்த ஆட்டம், தள்ளுகிற விசைக்கு நேர் எதிராக விழுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் அந்தப் பலகை இயல்பான எந்தத் திண்மத்தையும் போல நடந்துகொள்வதில்லை. இது மீப்பொருள். மாட்ரிட் சிற்பம் அழகானது, அறிவியலுக்குப் பயன்பட்டது, ஆனால் மீப்பொருள் அன்று.

சணலைச் சோதிக்க இந்த அளவுகோல் போதும்.

3. கல்கத்தாவில் நடந்தது

ஹெர்ட்ஸ் 1888-இல் மின்காந்த அலைகளைச் சோதனையில் காட்டியபோது அவை மீட்டர் கணக்கில் நீண்டவை. பின்னர் அவர் குறைத்த அலைநீளமும் 66 செ.மீ. வரைதான் வந்தது. ஒளியைப் போலவே இந்த அலைகளும் விலகுகின்றன, தளவிளைவு அடைகின்றன என்று காட்டுவதற்கு அவர் பெரிய தார்ப் பட்டகத்தைச் செய்ய வேண்டியிருந்தது. கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் போஸுக்கு அவ்வளவு இடமும் இல்லை, பணமும் இல்லை. அவர் அலையைச் சிறிதாக்கினார். சின்ன உலோகக் குண்டுகளுக்கு இடையே மின்பொறி தெறிக்கவிட்டு, 2.5 செ.மீ. முதல் 5 மி.மீ. வரையிலான அலைகளை உண்டாக்கினார். ஒளியியல் ஆய்வகம் முழுவதும் ஒரு மேசைக்குள் அடங்கியது.

அந்தக் காலத்து வானொலி ஆய்வு மின்னலோடு பிறந்தது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். 1895-இல் ரஷ்யாவில் போப்போவ் தன் உலோகத்தூள் வாங்கியை வைத்து எங்கோ தொலைவில் இடிக்கும் புயலின் மின்னலைக் கேட்டார். அதே ஆண்டு போஸ் கல்கத்தாவில் பொதுமக்கள் முன் தன் அலைகளைக் காட்டினார். இருவரிடமும் இருந்தது ஒரே நிகழ்வு: காற்று உடைந்து மின்சாரம் பாய்கிற அந்தக் கணம். வானத்து மின்னலின் அலைகள் கிலோமீட்டர் கணக்கில் நீள்பவை. போஸின் பொறியிலிருந்து வந்தவை விரல் கணுவுக்குள் அடங்குபவை. அவர் சிறிய மின்னலைத் தேர்ந்தெடுத்ததால்தான் சணலும் புத்தகமும் ஆய்வுக் கருவிகளாக முடிந்தது.

புத்தகம் என்று சொன்னது உவமை இல்லை. பிராட்ஷா ரயில்வே கால அட்டவணையின் பக்கங்களுக்கு இடையே வெள்ளீயத் தாள்களைச் செருகி அதையே தளவிளைவாக்கியாகப் பயன்படுத்தினார். உலோகத் தாள்கள் இணையாக நிற்பதால், ஒரு தளத்தில் அதிரும் அலை தடைபடும், மற்றத் தளத்தில் அதிர்வது கடந்துபோகும். 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தன் கருவிகளைப் பற்றி அவர் சொற்பொழிவாற்றினார்.

1898-இல் ராயல் சொசைட்டியின் நடவடிக்கை இதழில் வந்த கட்டுரைதான் நமக்கு முக்கியம். சோதனையின் அமைப்பு மிக எளிமையானது. இரண்டு தளவிளைவாக்கிகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்தால் அலை கடக்காது; வாங்கி அமைதியாக இருக்கும். நடுவே நீளவாக்கில் இணையான இழைகளைக் கொண்ட, முறுக்காத சணல் கற்றையை அலை செல்லும் திசையில் வைத்தார். மாற்றமில்லை. வலப்புறமாக முறுக்கிய கற்றையை வைத்தார். வாங்கி உயிர்பெற்றது. தளம் சுழன்றிருக்கிறது. இடப்புறமாக முறுக்கியதை வைத்தபோது எதிர்ப்பக்கம் சுழன்றது.

அதோடு அவர் நிறுத்தவில்லை. சர்க்கரைக் கரைசல் ஒளியின் தளத்தைச் சுழற்றும் என்பது அன்றைக்கே அறிந்த செய்தி. மூலக்கூறின் இடவல வடிவமே காரணம் என்று பாஸ்டர் காலத்திலிருந்து வேதியியலார் சொல்லி வந்தார்கள். யாரும் மூலக்கூறைப் பார்த்ததில்லை. போஸ் வலமுறுக்குச் சணல் துண்டுகளையும் இடமுறுக்குத் துண்டுகளையும் தனித்தனியே செய்து, அவற்றையே மூலக்கூறுகளாகக் கொண்டு கரைசலைப் பாவனை செய்தார். ஒருவகைத் துண்டுகள் மட்டும் இருந்தால் சுழற்சி உண்டு. இரண்டையும் சம எண்ணிக்கையில் கலந்தால் சுழற்சி அற்றுப்போனது. இடவல வகைகள் சமமாகக் கலந்த கரைசலிலும் இதுதான் நடக்கும்.

வீட்டில் ஒரு சணல் கயிறு இருந்தால் வாசகர் கையில் எடுத்துப் பார்க்கலாம். இழைகள் எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகின்றன என்று கவனித்துக்கொண்டு, கயிற்றைத் தலைகீழாகத் திருப்புங்கள். சாய்வு மாறாது. வலமுறுக்கு எந்த முனையிலிருந்து பார்த்தாலும் வலமுறுக்குத்தான். அதை இடமுறுக்காக்க வேண்டுமானால் பிரித்து மறுபடி முறுக்க வேண்டும், அல்லது கண்ணாடியில் பார்க்க வேண்டும். கரைசலில் கோடானுகோடி மூலக்கூறுகள் எப்படி எப்படியோ புரண்டு கிடந்தும் சுழற்சி அழிந்துபோகாததற்குக் காரணம் இந்தச் சிறிய உண்மைதான். போஸ் அதைச் சணலில் பிடித்துவிட்டார்.

4. பத்து சென்டிமீட்டர்ச் சிக்கல்

போஸ் பயன்படுத்திய கற்றையின் நீளம் சுமார் 10 செ.மீ. அவரது அலையின் நீளம் அதிகபட்சம் 2.5 செ.மீ. கற்றை அலையைவிட நான்கு மடங்காவது பெரியது. மீப்பொருளின் முதல் நிபந்தனை இங்கே தலைகீழாக இருக்கிறது.

போஸை ஆதரிப்பவர்கள் இதற்கு ஒரு பதில் சொல்லலாம். இழை என்ற அளவில் பார்த்தால் நிபந்தனை நிறைவேறத்தான் செய்கிறது. சணல் இழை முடியைப் போன்ற மெல்லியது. அலையைவிட நூற்றுக்கணக்கான மடங்கு சிறியது. எனவே கற்றைக்குள் போகும் அலை இழைகளை எண்ணிப் பார்ப்பதில்லை. நீளவாக்கில் ஒரு பண்பும் குறுக்குவாக்கில் இன்னொரு பண்பும் கொண்ட ஊடகமாகவே கற்றையை உணர்கிறது. இந்த வாதம் சரியானது. ஆனால் இது கொடுப்பது முறுக்காத சணலின் பண்பை மட்டுமே. சுழற்சியைத் தருவது முறுக்கு. முறுக்கின் அளவு கற்றையின் அளவு. அது அலையைவிடப் பெரியது.

ஆகவே முறுக்கிய கற்றைக்கு நெருங்கிய உறவு வேறோரிடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். 1869-இல் ஜெர்மனியில் ராய்ஷ் என்பவர் மெல்லிய மைக்காத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றையும் குறிப்பிட்ட கோணத்தில் திருப்பி, சுழற்படிக்கட்டு போல அடுக்கினார். அந்த அடுக்கு ஒளியின் தளத்தைச் சுழற்றியது. தனித் தகட்டுக்கு அந்தக் குணம் கிடையாது. போஸின் கற்றை இந்த அடுக்கின் உடன்பிறப்பு: திசைச்சார்புள்ள ஒரு பொருளை எடுத்து, அதைப் பெரிய அளவில் திருகிவிடுவது. இது அசலான இயற்பியல், ஆனால் இன்றைய வரையறையின் மையத்தில் இல்லை.

சணல் துண்டுகளை மூலக்கூறாகக் கொண்ட இரண்டாம் சோதனையோ வரையறைக்கு நெருங்கி வருகிறது. பல தனித்தனி அலகுகள், ஒவ்வொன்றுக்கும் உள்ளார்ந்த இடவல வடிவம், எல்லாம் சேர்ந்து ஓர் ஊடகம். கருத்து முழுமையாக இருக்கிறது. அலகின் அளவுதான் இடிக்கிறது. கைவிரலால் முறுக்கும் சணலை அலையைவிடப் பல மடங்கு சிறிதாக்குவது எளிதல்ல.

இந்த நிபந்தனையைக் கண்மூடிப் பிடிக்கவும் கூடாது. 2001-இல் கலிபோர்னியாவில் ஷெல்பி, ஸ்மித், ஷூல்ட்ஸ் ஆகியோர் அலை வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக வளையும் எதிர்மறை ஒளிவிலகலை முதன்முதலாகக் காட்டியபோது அவர்களது அலகு 5 மி.மீ., அலைநீளம் ஏறத்தாழ 2.9 செ.மீ. விகிதம் ஆறுக்கும் குறைவு. ஆறு போதுமா, பத்து வேண்டுமா என்று வாதிடலாம். ஆனால் அலகு அலையைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் என்பதில் வாதமில்லை. தற்செயலாகவோ என்னவோ, அவர்கள் பயன்படுத்திய அலையும் போஸின் அலையும் கிட்டத்தட்ட ஒரே நீளம்.

5. லிண்ட்மனின் பஞ்சுருண்டைகள்

அளவுச் சிக்கலைத் தீர்த்தவர் ஃபின்லாந்தின் கார்ல் ஃபெர்டினாண்ட் லிண்ட்மன். 1914-இல் தொடங்கி 1920-இல் விரிவாக வெளியிட்டார். 9 செ.மீ. செம்புக் கம்பியை இரண்டரைச் சுற்றுச் சுருளாக, 1 செ.மீ. விட்டத்தில் வளைத்தார். ஒவ்வொரு சுருளையும் பஞ்சில் பொதிந்து உருண்டையாக்கினார். அந்த உருண்டைகளை நூற்றுக்கணக்கில் ஓர் அட்டைப்பெட்டிக்குள் திசை பாராமல் கொட்டினார். அவர் செலுத்திய அலைகள் 12 செ.மீ. முதல் 35 செ.மீ. வரை. எல்லாம் இடச்சுருளாக இருந்தால் ஒரு பக்கம் சுழற்சி, வலச்சுருளாக இருந்தால் மறுபக்கம். இரண்டும் சமமானால் சுழற்சி இல்லை. கூடவே, சுழற்சியின் அளவு அலைநீளத்தைப் பொறுத்து ஏறி இறங்கியது. கம்பியின் நீளத்துக்கு ஒத்த ஓர் அலைநீளத்தில் அது ஒத்ததிர்வாக நடந்தது.

பஞ்சு எதற்கு என்று யோசித்தால் லிண்ட்மனின் கூர்மை தெரியும். சுருள்கள் ஒன்றையொன்று தொட்டால் மின்சாரம் தாவி, அலகுகள் தம் தனித்தன்மையை இழந்துவிடும். பஞ்சு அவற்றைத் தள்ளி வைத்தது. எந்தத் திசையிலும் கிடக்கவும் விட்டது. இன்றைய அளவுகோலில் முழு மதிப்பெண் பெறும் முதல் இடவல மீப்பொருள் இந்தப் பஞ்சுருண்டைப் பெட்டிதான் என்பது என் முடிவு. போஸுக்கு 16 ஆண்டுகள் பிந்தியது. ஆயினும் சோதனையின் எலும்புக்கூடு போஸுடையதே: இடம், வலம், சமக்கலப்பு.

6. மிருதங்கம் பற்றி ஓர் இடைக்குறிப்பு

இந்திய முன்னோடிகளைத் தேடும் ஆர்வத்தில் சிலர் மிருதங்கத்தையும் மீப்பொருள் பட்டியலில் சேர்க்கிறார்கள். அதையும் பார்த்துவிடுவோம்.

சாதாரணத் தோல் முழவின் மேற்சுரங்கள் அடிப்படைச் சுரத்தைப் போல் 1.59, 2.14, 2.30 மடங்கு என்று ஒழுங்கில்லாமல் நிற்கும். அதனால் அதில் சுருதி துலங்காது. மிருதங்கத்தின் வலந்தலையில் கரிய கல் தூளையும் சோற்றையும் பிசைந்து, கரணை என்னும் கரும்பூச்சாகப் படலம் படலமாகத் தேய்த்து ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு படலமும் காய்ந்த பிறகே அடுத்தது. நடுவில் கனம், ஓரத்துக்கு வர வர மெல்லிசு. 1920-இல் நேச்சரிலும் 1934-இல் விரிவாகவும் சி. வி. ராமன் இதை ஆராய்ந்தார். தோலின்மேல் மெல்லிய மணலைத் தூவி, எங்கே அது குவிகிறது என்று பார்த்து அதிர்வு வடிவங்களைப் பிரித்தறிந்தார். கரணையின் சுமையால் ஒன்பது அதிர்வு வகைகள் ஐந்து இசைவான சுரங்களுக்குள் வந்து அமர்கின்றன என்று காட்டினார்.

இது பொருளை மாற்றாமல் பரவலை மாற்றி ஒலியை ஆள்வதுதான். அந்த வகையில் சிந்தனை உறவு இருக்கிறது. ஆனால் இங்கே ஓர் ஊடகம் இல்லை. வட்டமான ஒரே தோல், அதன் முழு உடலும் ஆடுகிற நிலையலைகள். அலை மிருதங்கத்தைக் கடந்து போவதில்லை, அதற்குள்ளேயே வாழ்கிறது. அதை மீப்பொருள் என்பது கரணை தேய்த்த கைகளுக்கு எந்தப் பெருமையையும் கூட்டாது. அந்தக் கைகள் செய்தது அதைவிடக் கடினமான வேலை. அவற்றுக்கு உரியவர்களின் பெயர்கள் ராமனின் கட்டுரைகளோடு சேர்த்து நினைக்கப்படாததுதான் நாம் வருந்த வேண்டிய இடம்.

7. கேள்வி திசை மாறிய விதம்

லிண்ட்மனுக்குப் பிறகு இந்த இழை பல இடங்களில் தலைகாட்டி மறைந்தது. 1940-களில் பெல் ஆய்வகத்தில் வின்ஸ்டன் காக் உலோகத் துண்டுகளை அடுக்கி நுண்ணலைகளுக்கு வில்லை செய்தார். அதே உத்தியைத் திருப்பி ஒலிக்கும் வில்லை செய்தார். 1967-இல் சோவியத் இயற்பியலாளர் வெசெலாகோ, மின் விடுதிறனும் காந்த உட்புகுதிறனும் ஒருங்கே எதிர்மறையானால் ஒளிவிலகல் எண்ணும் எதிர்மறையாகும் என்று கணக்கிட்டுக் காட்டினார். அப்படிப்பட்ட பொருள் இயற்கையில் கிடைக்கவில்லை. கணக்கு முப்பதாண்டு காத்திருந்தது.

அதை எழுப்பியவர் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜான் பெண்ட்ரி. மார்க்கோனி நிறுவனம் ரேடாரை உறிஞ்சும் ஒரு பொருளை வைத்திருந்தது. ஏன் உறிஞ்சுகிறது என்று தெரியாமல் அவரிடம் வந்தது. அந்தப் பொருள் மெல்லிய கார்பன் இழைகளால் ஆனது. காரணம் கார்பனில் இல்லை, இழையின் மெல்லிசான நீண்ட வடிவத்தில் இருக்கிறது என்று பெண்ட்ரி கண்டார். சணல் முறுக்கிய போஸுக்கு இந்த வாக்கியம் புதிதாக இருந்திருக்காது. 1996-இல் எதிர்மறை மின் விடுதிறனுக்குக் கம்பி வலை, 1999-இல் எதிர்மறைக் காந்த உட்புகுதிறனுக்குப் பிளவு வளையங்கள், 2000-இல் கலிபோர்னியாவில் ஸ்மித் குழுவினர் இரண்டையும் சேர்த்துச் செய்த முதல் அமைப்பு என்று வேலை வேகமெடுத்தது.

போஸுக்கும் பெண்ட்ரிக்கும் நடுவே உள்ள வேறுபாடு அளவில் மட்டும் இல்லை. போஸ் மூலக்கூறிலிருந்து சணலுக்கு வந்தார். கண்ணுக்குத் தெரியாத ஒன்று எப்படி வேலை செய்கிறது என்று அறிய, அதைக் கைக்கு எட்டும் அளவில் பெரிதாக்கிச் செய்தார். சணல் அவருக்கு ஒரு விளக்கம். பெண்ட்ரிக்கு அமைப்பு ஒரு விளக்கமன்று, வழி. இயற்கை தராததை அதன் மூலம் பெற்றுக்கொள்ள விரும்பினார். 1997-இல் போஸின் மில்லிமீட்டர் அலை ஆய்வுகளை நூற்றாண்டு நினைவாக எமர்சன் விரிவாக எழுதிய பிறகு, போஸின் பெயர் மீண்டும் புழக்கத்துக்கு வந்தது. ஆனால் வந்த பெயர் கருவி செய்தவராக, முதலில் செய்தவராக வந்தது. மாதிரி செய்து இயற்கையைக் கேள்வி கேட்டவர் என்ற போஸ் இன்னும் வரவில்லை. எனக்கு அந்தப் போஸே பெரியவர். முதன்மைப் போட்டியில் அவருக்கு இடம் பிடித்துக் கொடுக்கும் அவசரத்தில் அவர் கேட்ட கேள்வியை நாம் தொலைத்துவிட்டோம்.

8. செய்து பார்க்கக்கூடிய ஒன்று

அளவுச் சிக்கலைப் பற்றி மேலே சொன்னது பெரும்பாலும் கணக்கின் வழியே வந்த வாதம். அதைச் சோதித்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் முதுநிலை இயற்பியல், மின்னணுவியல் ஆய்வகங்கள் பலவற்றில் எக்ஸ்-பேண்ட் நுண்ணலை மேசை இருக்கிறது. கன் டையோடு அல்லது கிளைஸ்ட்ரான், இரண்டு கொம்பு ஆன்டெனாக்கள், ஓர் அளவி. அலைநீளம் 3 செ.மீ. அளவில், போஸின் அலைக்குப் பக்கத்து வீடு. மாணவர்கள் ஆண்டுதோறும் அதில் அலைநீளத்தை மட்டும் அளந்து பதிவேட்டில் எழுதிவிட்டுப் போகிறார்கள்.

வாங்கும் கொம்பை 90 பாகை திருப்பி வைத்து, முள் அடங்கிய பிறகு, நடுவே 10 செ.மீ. சணல் கற்றையை முறுக்காமல் வைக்க வேண்டும். பிறகு முறுக்கி. பிறகு அதே முறுக்கை 5 செ.மீ., 2 செ.மீ., 1 செ.மீ. துண்டுகளில் செய்து, தெர்மாகோல் பெட்டிக்குள் திசை பாராமல் நிரப்பி. சணல் மின்சாரத்தைக் கடத்தாத பொருள் என்பதால் சிறு துண்டுகளில் சுழற்சி மிகவும் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். துண்டு சுருங்கச் சுருங்கச் சுழற்சி அடியோடு மறைந்தால், போஸின் கற்றை ராய்ஷ் அடுக்கின் குடும்பம். மெல்லியதாகவேனும் தங்கி, துண்டுகளின் எண்ணிக்கையோடு சீராகக் கூடினால், லிண்ட்மனுக்கு நான் கொடுத்த இடத்தைத் திருப்பி வாங்க வேண்டியிருக்கும். ஒரு கிலோ சணல், ஒரு பிற்பகல். ஈரத்தை மட்டும் நன்றாக உலர்த்திவிட வேண்டும். நீர் இந்த அலைகளைக் குடித்துவிடும்.